மீனுக்கும் ஒரு மடை

"மனுசனுக்கே தண்ணி இல்லை, இதிலே மீனுக்கு எங்கே போறது?"

தருமபுரி மாவட்டத்தில் ஆற்று நீரைப் பற்றி எங்கே பேச்சைத் தொடங்கினாலும் சற்று நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் விவசாயியாக இருந்தால் அதில் கோபம் இருக்கும். திட்டம் தீட்டுகிறவராக இருந்தால் ஓர் ஏளனச் சிரிப்பு இருக்கும். கோபத்தின் நியாயம் எங்களுக்குப் புரிகிறது; ஏளனத்தின் நியாயம்தான் புரியவில்லை. கேள்வியே பிழையானது என்பது எங்கள் கட்சி. மீனுக்குக் கொடுத்தால் வயலுக்குக் குறையும் என்கிற கணக்கு, ஆற்றைக் குழாயாகவும் ஏரியைத் தொட்டியாகவும் நினைத்துப் பழகிய பிறகு பிறந்த கணக்கு. இந்தக் கணக்கைத்தான் இங்கே மறுக்க வந்திருக்கிறோம்.

கவிதையும் கதையும் பேசுகிறவர்களுக்குக் கால்வாயில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. மருதத் திணையைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். அந்தத் திணையில் வயலும் வாளையும் பிரிந்து இருந்ததே இல்லை. சங்கப் பாடல்களில் உழுகிறவன் காலடியில் மீன் துள்ளுகிறது. அறுப்பவர் அரிவாளுக்கு நடுவே மீன் ஓடுகிறது. முக்கூடற்பள்ளில் ஆற்று வெள்ளத்தோடு வரும் மீன் இனங்களைப் பெயர்சொல்லி அடுக்குகிற பாட்டே உண்டு. நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் அடுக்குகிற அதே உரிமையோடு அந்தப் புலவர் மீன்களையும் அடுக்குகிறார். இதைக் கவியின் மிகை என்று தள்ளிவிட முடியாது. பாசனம் என்றால் ஆற்றின் ஒரு பகுதி வயலுக்குள் வந்து போவது. ஆறு வந்தால் ஆற்றில் இருப்பவையும் வரும் என்பதே அவர்கள் அறிந்த இயல்பு.

கல்வெட்டுகளிலும் சான்று உண்டு. 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருவாய் இடைக்காலக் கல்வெட்டுகளில் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டது அது. அந்த வருவாயை ஏரியின் தூர் எடுக்கவும் கரை பேணவும் ஒதுக்கிய செய்திகளும் உள்ளன. மீன் கொடுத்த காசில் ஏரி பிழைத்தது. ஏரி பிழைத்ததால் வயல் பிழைத்தது. ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாக இருந்தவற்றை எதிரிகளாக ஆக்கியது யார்?

தகடூர் காவிரிப் படுகையின் வளவயல் அல்ல என்பதையும் மறக்கவில்லை. நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிற நாடுதான் இது. ஆனாலும் பெரும்பகுதி பாறையும் மேடும் மானாவாரியும். காவிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆழத்தில் ஓடுகிறது. ஒகேனக்கலில் அருவியாக விழுந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுகிறது. தென்பெண்ணை கிழக்கில், கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வழியாகச் சாத்தனூரை நோக்கிப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, வரட்டாறு என்று ஆண்டில் சில மாதம் மட்டும் ஓடும் சிற்றாறுகள். பஞ்சப்பள்ளி, தும்பலஹள்ளி, கேசர்குளிஹள்ளா, வெங்கடசமுத்திரம், வள்ளிமதுரை என்று அவற்றின் குறுக்கே சிறு அணைகள். அவற்றுக்குக் கீழே அணைக்கட்டுகளும், அணைக்கட்டிலிருந்து ஏரிக்குப் போகும் வரத்துக்கால்களும், ஏரிக்கு ஏரி இறங்கும் கோடிக்கால்களும். இந்த மாவட்டத்தின் உயிர் அந்தக் கால்களில்தான் இருக்கிறது.

ஆற்றோடு இணையாகப் பிரிந்து, சுற்றி, மீண்டும் ஆற்றிலோ ஏரியிலோ சேரும் இவற்றைத்தான் இங்கே பக்கக்கால்கள் என்கிறோம். சில இயற்கையாக அமைந்தவை. சில மனிதர் வெட்டியவை. மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஓர் ஆற்று மீனின் ஆண்டைப் பாருங்கள். கோடையில் அது மடுவில் கிடக்கிறது. முதல் வெள்ளம் கலங்கி வரும்போது எதிரேறுகிறது. கெண்டை இனங்களும் வாளையும் கெளுத்தியும் அந்த நாட்களில்தான் முட்டையிட இடம் தேடுகின்றன. ஆற்றின் நடுவே அல்ல. வெள்ளம் புதிதாக நனைத்த ஓரத்தில், புல் மூழ்கிய ஆழமில்லாத நீரில். கெண்டையின் முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சால் ஆற்றின் வேகத்தில் நிற்க முடியாது. அதற்கு மெதுவான, வெதுவெதுப்பான, நுண்ணுயிர் செழித்த நீர் வேண்டும். பக்கக்கால் தருவது அதைத்தான். விரால் இன்னும் ஒரு படி மேல்; செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, குஞ்சுகளைக் காத்து நிற்கும். பிறகு நீர் வடியும்போது வளர்ந்த குஞ்சுகள் திரும்பி மடுவுக்கோ ஏரிக்கோ போக வேண்டும். ஆக மூன்று பயணங்கள்: மேலே ஏறுவது, பக்கத்தில் ஒதுங்குவது, திரும்பி வருவது. மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் அந்த ஆண்டின் வம்சம் முடிந்தது.

நாம் மூன்றையும் தடுத்திருக்கிறோம்.

ஏறுவதைத் தடுத்தது நிமிர்ந்த தடுப்பணை. நான்கடி உயரச் சுவர் ஒன்றைச் செங்குத்தாக எழுப்பி, கீழே கான்கிரீட் தளம் போட்டுவிட்டால், சாண் நீளக் கெண்டைக்கு அது மலை. பழைய அணைக்கட்டுகளில் பல, கல்லை அடுக்கிச் சரிவாக இறக்கியவை. அந்தச் சரிவில் நீர் தவழ்ந்து இறங்கியது. மீன் இடுக்கு இடுக்காக ஏறியது. மீனுக்காக அப்படிக் கட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை; அன்றைய கட்டுமானமே அப்படி. ஆனால் பலன் மீனுக்கும் கிடைத்தது. இன்று நிலத்தடி நீருக்காக என்று கட்டப்படும் தடுப்பணைகளில் அந்தச் சரிவு இல்லை. தடுப்பணையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சுவரின் ஒரு முனையைச் சரிவாக இறக்கினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கிறோம்.

ஒதுங்குவதைத் தடுத்தது கான்கிரீட். வாய்க்காலின் அடியையும் இரு பக்கங்களையும் பூசிவிட்டால் நீர் விரைவாகப் போகும், கசிவு குறையும். உண்மைதான். ஆனால் அந்தக் கசிவில்தான் பக்கத்துக் கிணறுகள் வாழ்கின்றன. கீழ்பவானிக் கால்வாயில் கான்கிரீட் போடும் திட்டத்தை எதிர்த்து ஈரோட்டு விவசாயிகளில் ஒரு பெரும் பிரிவினர் ஆண்டுக்கணக்கில் போராடியது இதற்காகத்தான். கடைமடைக்குத் தண்ணீர் வேண்டும் என்று திட்டத்தை ஆதரித்தவர்களும் விவசாயிகளே. இருவரின் வாதத்திலும் உண்மை இருந்தது. அந்த விவாதத்தில் மீன் ஒரு வார்த்தையாகக்கூட அதிகம் வரவில்லை என்பதே எங்கள் வருத்தம். பூசிய வாய்க்காலில் செடி இல்லை, சேறு இல்லை, நிற்க இடமில்லை. அது நீரைக் கடத்தும், எதையும் வளர்க்காது.

திரும்புவதைத் தடுத்தது நம் அவசரம். மதகை ஒரே நாளில் இறக்கி அடைக்கிறோம். காலில் இருந்த குஞ்சுகள் குட்டை குட்டையாகச் சிக்கி, காக்கைக்கும் கொக்குக்கும் போகின்றன. ஏரியில் குத்தகைதாரர் கோடியின் குறுக்கே வலையைக் கட்டுகிறார். கடைசி நாட்களில் மோட்டார் வைத்து அடிநீரையும் இறைத்து, உள்ளங்கை நீளமுள்ளவற்றையும் அள்ளிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏலத்தொகையைச் சில மாதங்களில் எடுத்தாக வேண்டியவர் வேறு என்ன செய்வார்? பாசிப்பாட்டம் ஏரிக்கே திரும்பிய காலம் போய், குத்தகைப் பணம் எங்கேயோ பொதுக் கணக்கில் கரைகிற காலத்தில் ஏரியின் மேல் அவருக்கு என்ன பிடிப்பு இருக்க முடியும்?

சீமைக்கருவேலம் மூடிய வரத்துக்கால்கள், வீட்டுமனையாகிப்போன கோடிக்கால்கள், தருமபுரி நகரத்துச் சாக்கடையைச் சுமக்கும் சனத்குமார நதி, பெங்களூருவின் கழிவோடு கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி வரும் தென்பெண்ணை ஆகியவற்றைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவை மீனையும் விவசாயியையும் ஒரே மாதிரி அழிக்கின்றன. அந்த வகையில் சமத்துவம் நிலவுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த துயரமும் அல்ல. பாசன அணைக்கட்டுகள் ஆற்று மீன்களின் வழியை மறிக்கின்றன என்று பிரான்சிஸ் டே 1873-லேயே அறிக்கை எழுதினார். கொள்ளிடத்தின் கீழணையில், கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீனுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வழி அமைத்துப் பார்த்தார்கள். உல்லம் அதைப் பயன்படுத்தவில்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின. காவிரியில் உல்லம் பிடிப்பு சரிந்துபோனது. அணையைக் கட்டி முடித்துவிட்டு, ஓர் ஓரத்தில் ஏணி வைத்தால் மீன் ஏறும் என்பது அன்றைய நம்பிக்கை. எந்த மீன், எப்போது, எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று கேட்காமல் வைத்த ஏணி. மீனைப் பற்றிப் பின்னால் யோசித்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால் யோசனை வரும்போது மீன் இருக்காது.

இந்தக் காவிரிக்கே உரிய ஒரு மீன் கூம்புமுதுகு மகசீர். உலகத்தில் வேறு எந்த ஆற்றுப்படுகையிலும் இல்லை. 1946-ல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு எடை. இத்தனை பெரிய மீனின் அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டில் அது 'மிக அருகிய' இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பெயர் சூட்டுவதற்கும் இரங்கல் எழுதுவதற்கும் நடுவில் இடைவெளியே இல்லாத அவலம். இடையில் என்ன நடந்தது என்றால், மகசீரைக் காப்பதாக எண்ணி, வேறு படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது ஒடுங்கியது.

"மீன்வளத் துறைதான் ஆண்டுதோறும் குஞ்சு விடுகிறதே" என்பவர்களுக்கும் இதுவே பதில். கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். மேட்டூரிலும் நம் ஏரிகளிலும் அவற்றை விட்டு வளர்த்ததால் சந்தைக்கு மீன் கிடைத்தது; மறுக்கவில்லை. 1952-ல் நாட்டுக்குள் வந்த ஜிலேபியும் ஏழையின் சட்டிக்குப் போனது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் வாங்கி விட்ட குஞ்சு, ஆறு தானாகப் பெற்ற குஞ்சுக்கு ஈடாகாது. அடுத்த ஆண்டும் வாங்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டும் வாங்க வேண்டும். கருமுழிக் கெண்டையும் சேலும் அரிஞ்சானும் ஆரலும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வழி விட்டால் போதும், தாமே வரும்.

இப்போது கோபத்தோடு கேட்டவரின் கேள்விக்கு வருவோம். தண்ணீர் எவ்வளவு ஆகும்?

நான்கடி உயரத் தடுப்பணையின் ஒரு முனையில் இருபதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் கல்சரிவு அமைத்தால் எண்பது அடி நீளம் வரும். ஆற்றின் முழு அகலத்துக்கும் வேண்டியதில்லை. சில அடி அகலம் போதும். அந்தச் சரிவில் வினாடிக்கு 5 கன அடி நீர், வெள்ளக் காலத்தில் 60 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அதாவது ஒரு டிஎம்சியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அந்த நீரும் காணாமல் போவதில்லை; அடுத்த தடுப்பணைக்குப் போகிறது. அங்கே சரிவு இருந்தால் அதே நீர்தான் அங்கும் இறங்கும். பத்துச் சரிவு வைத்தால் பத்து மடங்கு நீர் வேண்டும் என்பதில்லை. கடைசியில் அது கீழே உள்ள யாரோ ஒரு விவசாயியின் மடைக்குத்தான் போய்ச் சேரும். மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்கு நீர் விடுவதை நாம் தானம் என்று சொல்வதில்லை, முறை என்கிறோம். மீன் கேட்பதும் அந்த முறையில் ஓர் இடம்தான்.

வறட்சி ஆண்டில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ஆறே ஓடாத ஆண்டில் சரிவில் விட நீர் இருக்காது. அப்போது எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: மடுவின் கடைசி நீரை மோட்டார் வைத்து இறைக்காதீர்கள். அந்த நீர் ஒரு ஏக்கர் நெல்லைக்கூடக் காப்பாற்றாது. அடுத்த ஆண்டின் மீன் முழுவதையும் காப்பாற்றும்.

இன்னொரு தரப்பினரிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. இயற்கை ஆர்வலர்கள் என்று அறியப்படுகிற நண்பர்களில் சிலர், பாசனம் என்றாலே ஆற்றின் மீது நடத்தும் கொள்ளை என்பதுபோல் எழுதுகிறார்கள். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் மழை பொய்த்தால் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் பேருந்து ஏறுகிற குடும்பங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடால் பல் கறுத்து எலும்பு வளைந்தவர்கள் இருக்கும் மாவட்டம் இது. அதற்காகவே 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் முடிந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இங்கே நின்றுகொண்டு, மீன் முக்கியம், ஆகவே ஏரிக்கு நீர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவரை ஊர் விரட்டும், விரட்டுவது சரியே. ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும். ஏரி நிறைய வரத்துக்கால் வேண்டும். வரத்துக்கால் வந்தால் மீனுக்கு வழி வரும். மீனின் கட்சியும் உழவரின் கட்சியும் இந்த மாவட்டத்தில் ஒன்றே என்பதை இரு தரப்பும் உணர மறுப்பதுதான் வேதனை.

இந்த இடத்தில் காவிரி உபரிநீர்த் திட்டத்தைப் பற்றி எங்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும். ஒகேனக்கலில் வெள்ளமாகப் போகும் நீரில் ஒரு சிறு பகுதியை மேலே ஏற்றி மாவட்டத்தின் ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 2022 ஆகஸ்டில் இதற்காகப் பாட்டாளி மக்கள் கட்சி நடைப்பயணம் நடத்தியது. 2024 அக்டோபரில் அரைநாள் கடையடைப்பும் நடந்தது. எந்தக் கட்சி கேட்டது என்பது எங்களுக்குப் பொருட்டல்ல. கோரிக்கை நியாயமானது, ஆதரிக்கிறோம். வெள்ளக் காலத்தில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் ஓடுகிற ஆற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, வறண்ட ஏரியில் மாடு மேய்க்கிறவனிடம் பொறுமையைப் போதிக்க எங்களால் ஆகாது.

ஆனால் ஆதரிப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். ஏற்றிய நீர் எதன் வழியே போகும்? ஏரிக்கு ஏரி குழாய் பதித்து முடிப்பதா, பழைய வரத்துக்கால்களையும் கோடிக்கால்களையும் மீட்டு அவற்றின் வழியே விடுவதா? குழாய் விரைவானது, ஒப்பந்தக்காரருக்கு இனிமையானது. கால் மெதுவானது, ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், ஊரோடு பேச வேண்டும். ஆனால் குழாய் ஏரியை மட்டும் நிரப்பும். கால் வழியெங்கும் கிணறுகளை நிரப்பும், மீனையும் வளர்க்கும். நீரேற்றும் இடத்தில் சல்லடைத் தடுப்பு இல்லாவிட்டால் குஞ்சுகள் மோட்டாரில் அரைபடும். தப்பியவற்றோடு ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஊர் ஏரிகளுக்குள் புகும். இவற்றை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். எண்ணேகொல்புதூர் அணைக்கட்டிலிருந்து தும்பலஹள்ளி அணைக்குப் போகும் கால்வாய்க்கும், ஜெர்தலாவ் – புலிகரை இணைப்புக் கால்வாய்க்கும் இதையே சொல்கிறோம். கட்டி முடித்த பிறகு ஏணி வைக்கிற கீழணைக் கதை இன்னொரு முறை வேண்டாம்.

ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எங்கள் கற்பனையும் அல்ல. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சி ஒதுக்கியிருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு பிலிகுண்டுலுவில் வர வேண்டிய அளவை 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோதும் அந்தப் பத்தில் கை வைக்கவில்லை. பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை டிஎம்சி. மீன் மடுவில் கிடக்கும் கோடை மாதங்கள் அவை. மற்ற மாதங்களின் நிலுவைக்காக மேடை அதிரப் பேசுகிறோம்; பேச வேண்டும். இந்தப் பத்துக்காக எத்தனை மேடை அதிர்ந்தது? அதைக் கேட்டு வாங்கினால் ஒகேனக்கலின் மடுக்களும் வாழும். 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தின் நீர்நாய்களும் முதலைகளும் வாழும். நீர் கடைசியில் மேட்டூருக்குத்தான் வரும்.

வெளியுலகில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு செய்திகள் நமக்கு உதவும். நெதர்லாந்து நாடு 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு கரையை இன்னும் உயர்த்துவதை விட்டுவிட்டு, 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. பக்கக்கால்களை வெட்டுவதும் அதில் ஒரு வழி. வெள்ளத்துக்கு ஒதுங்க இடம் கிடைத்தது, மீனுக்கும் கிடைத்தது. கலிபோர்னியாவில் அறுவடை முடிந்த நெல்வயல்களில் குளிர்காலத்தில் நீர் தேக்கி சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். ஆற்றில் இருந்தவற்றைவிட அவை வேகமாகக் கொழுத்தன. விஞ்ஞானிகளோடு அதில் கைகோத்தவர்கள் நெல் விவசாயிகள். நம் பள்ளுப் பாட்டுக்காரருக்குத் தெரிந்திருந்ததை அவர்கள் சோதனை போட்டுக் கண்டுகொண்டார்கள். சிரிப்போடு கேட்கும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்கிறோம். அயல்நாட்டுச் சான்று என்றால் அவர்கள் சிரிப்பு சற்றுக் குறையும்.

வெள்ளத்தின் பாடம் நமக்கும் வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட நேர்ந்தது. அத்தகைய மழையை எந்தக் கால்வாயும் முழுதாக ஏற்றுக்கொண்டிருக்காது. ஆனால் ஒதுங்கும் வழிகளெல்லாம் மூடிக்கிடக்கும் நாட்டில் வெள்ளம் ஊருக்குள்தான் ஒதுங்கும்.

ஆகவே, சுருக்கமாக எங்கள் கோரிக்கைகள்:

1. இனிக் கட்டும் ஒவ்வொரு தடுப்பணையிலும் ஒரு முனை கல்சரிவாக இறங்க வேண்டும். இருப்பவற்றில் பழுது பார்க்கும்போது சரிவைச் சேர்க்க வேண்டும்.

2. முதல் வெள்ளத்தில் சில நாட்களாவது வரத்துக்கால்களின் தலைமதகு திறந்திருக்க வேண்டும். அடைக்கும்போது ஒரே நாளில் அடைக்காமல் மூன்று நான்கு நாட்களில் படிப்படியாக இறக்க வேண்டும்.

3. வாய்க்காலைப் பூசித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் பக்கங்களை மட்டும் பூசி, அடியை மண்ணாக விட வேண்டும்.

4. தூர் எடுக்கும்போது ஏரியைக் கிண்ணமாக வழித்துவிடாமல், ஆழமான ஒரு மடுவையும் ஆழமில்லாத புல்லோரத்தையும் விட வேண்டும். 2017-ல் தொடங்கிய குடிமராமத்துப் பணிகள் போல அடுத்து வருபவற்றில் இது எழுத்தில் இருக்க வேண்டும்.

5. குத்தகை ஒப்பந்தத்தில் இனப்பெருக்கக் காலத்துக்கு மீன்பிடி விலக்கும், கோடியில் வலை கட்டத் தடையும், அடிநீரை இறைக்கத் தடையும் வேண்டும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஏரிக்கே திரும்ப வேண்டும்.

6. ஜிலேபியையும் அயல் கெளுத்திகளையும் பொது நீர்நிலைகளில் விடுவதை நிறுத்தி, அரசுப் பண்ணைகளில் நாட்டு மீன்களை வளர்க்க வேண்டும்.

7. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு, மீன் இன்னொரு துறைக்கு, கரைமரம் வேறொருவருக்கு என்று கிடக்கும் நிலை மாற வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பாசன சங்கங்களில், மீன் பிடித்து வாழ்கிறவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்தைக் கிழிக்கும் திட்டமல்ல. மேட்டூரையும் கிருஷ்ணகிரியையும் இடிக்கச் சொல்லவில்லை. அந்த அணைகளின் குறுக்கே ஏணி கட்டச் சொல்லவும் இல்லை. அணைக்கும் அணைக்கும் நடுவில் இன்னும் உயிரோடு இருக்கிற ஆற்றையும் அதன் கால்களையும் காப்பதைத்தான் கேட்கிறோம்.

கடைசியாக எங்களுக்கே ஒரு வார்த்தை. சேல், கயல், கெண்டை என்று கண்ணுக்கு உவமை சொல்லிச் சொல்லி வளர்ந்த மொழி நம்முடையது. சேல் எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை எழுதத் தொடங்கும் முன் எங்களுக்குள் கேட்டுப் பார்த்தோம். இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இருவரும் ஆற்றோரத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் அகராதியைப் புரட்டினோம். அடுத்த தலைமுறைக்கு அகராதி மட்டுமே மிஞ்சும் என்றால், உரையாசிரியர்கள் 'ஒருவகை மீன்' என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். நாமும் அதைப் படித்து நகர்ந்துவிடுவோம்.

ஆடிப்பெருக்குக்கு இருமத்தூரிலும் ஒகேனக்கலிலும் ஆற்றில் இறங்கிக் கும்பிடுகிறோம். அடுத்த ஆடிக்குள் இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு தடுப்பணையில், ஒரே ஒரு முனையில், எண்பது அடிக்குக் கல்லை அடுக்கிக் காட்டுங்கள். மீன் ஏறுகிறதா இல்லையா என்று கரையில் நின்று ஊரே பார்க்கட்டும். ஏறினால் அடுத்ததைக் கட்டுவோம்.